பின்வரிசையில் இருந்தவருக்கு நம் பாடநூலில் இடமில்லையா?

பாடநூல் தொகுப்புக் குழுவினருக்கு,

பிரித்தானியாவின் வாரஇறுதித் தமிழ்ப் பள்ளிகளில் மேல்வகுப்புப் பிள்ளைகளுக்காக நீங்கள் தயாரிக்கும் துணைநூலின் இறுதி வரைவு எங்கள் பள்ளிக்கு வந்திருக்கிறது. அதில், இனவேறுபாட்டுக்கு எதிராகச் சட்டம் கேட்டுப் போராடிய பிரித்தானியப் பாராளுமன்ற உறுப்பினர் ஃபென்னர் புரொக்வே பற்றிய பாடம் இல்லை. முந்தைய வரைவில் இருந்தது. நான்தான் எழுதிக் கொடுத்தேன். அந்த இடத்தில் இப்போது பக்கிங்ஹாம் அரண்மனையில் காவலர் மாறும் சடங்கு பற்றி இரண்டு பக்கம், வண்ணப்படங்களோடு. காரணம் கேட்டு எழுதினேன். அவர் அமைச்சராகக்கூட இருந்ததில்லை, அவர் கொண்டுவந்த சட்டமூலம் தோற்றுத்தான் போனது, கட்சிக்காரர் என்பதால் நம் அறக்கட்டளைக்கும் சிக்கல் வரலாம் என்று மூன்று காரணங்களை ஒரே வரியில் சொல்லி முடித்துவிட்டீர்கள்.

அந்த ஒரு வரியை வாங்கிக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. மற்றப் பள்ளிகளின் ஆசிரியர்களும் பெற்றோரும் வாசிக்கட்டும் என்றுதான் பொதுவில் எழுதுகிறேன். என் பாடம் போய்விட்டதே என்ற மனக்குறை துளியும் இல்லை என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள், கொஞ்சம் உண்டு. ஆனால் உங்கள் முதல் இரண்டு காரணங்களும் பிள்ளைகளுக்கு எதைச் சொல்லிக் கொடுக்கின்றன என்று யோசித்தீர்களா? பதவி கிடைத்தவன் பேச்சு மட்டும் வரலாறு, தோற்றவன் பேச்சு குப்பை என்று. அகதியாகவும் தொழிலாளியாகவும் இந்த நாட்டுக்கு வந்த ஒரு சமூகத்தின் பாடநூல் அதைச் சொல்லலாமா?

முதலில் என் கதையில் கொஞ்சம். எண்பதுகளின் நடுவில் லண்டனுக்கு வெளியே ஒரு தொழிற்சாலையில் எனக்கு வேலை கிடைத்தது. பெயர் இங்கே வேண்டாம். இரவு ஷிப்டில் நாங்கள் எல்லோரும் யாழ்ப்பாணம், பஞ்சாப், ஜமேக்கா. பகல் ஷிப்டில் வெள்ளையர்கள். பகலுக்கு மாறக் கேட்டு மனுக் கொடுத்தால் இடம் இல்லை என்பார்கள். அடுத்த மாதமே புதிதாக ஒருவர், நேற்று வந்தவர், பகலில் நிற்பார். மேற்பார்வையாளர் ஒருநாளும் நிறத்தைப் பற்றி வாய் திறந்ததில்லை. மரியாதையாகத்தான் பேசுவார். எங்களுக்கும் அது ஏதோ இந்த ஊர் வழக்கம் என்று பழகிப்போய்விட்டது. தொழிற்சங்கத்தில் டிரினிடாட்காரர் ஒருவர் இருந்தார். அவர்தான் ஒருநாள் இடைவேளையில் இனவேறுபாடு காட்டுவதைத் தடுக்கும் 1976ஆம் ஆண்டின் இன உறவுகள் சட்டத்தைப் பற்றிய சிறு கையேட்டை என் கையில் வைத்தார். மூன்று மாதத்துக்குள் தொழில் தீர்ப்பாயத்துக்கு முறையிட வேண்டும், பிந்தினால் போச்சு என்றார். நான்கு பேர் கையெழுத்து வைத்தோம். விசாரணை வரை போகத் தேவைப்படவில்லை. கடிதம் போன பிறகு ஷிப்ட் அட்டவணை மாறியது, அவ்வளவுதான். யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை.

இந்தக் கதையை நம் சமூகத்தில் இன்னும் எத்தனையோ பேர் சொல்வார்கள், ஊர் பெயரும் வேலையும்தான் மாறும். அந்தக் கையேட்டுக்குப் பின்னால் இருந்த சட்டம் வானத்திலிருந்து விழவில்லை. யாரோ ஓர் அமைச்சர் ஒரு நாள் காலையில் எழுந்து நல்ல மனதோடு எழுதியதும் இல்லை.

புரொக்வே 1888இல் கல்கத்தாவில் பிறந்தவர். பெற்றோர் கிறிஸ்தவ ஊழியர்கள். முதல் உலகப் போரில் படையில் சேர மறுத்துச் சிறை சென்றவர். 1929இல் லேட்டன் கிழக்குத் தொகுதியிலிருந்து முதல்முறை பாராளுமன்றம் போனார். 1930 ஜூலையில், காந்தியும் காங்கிரஸ்காரர்களும் சிறையில் கிடந்த நேரத்தில், இந்தியாவைப் பற்றி விவாதிக்க நேரம் ஒதுக்கச் சொல்லி விடாமல் கேட்டுக்கொண்டே நின்றார். சபாநாயகர் சொல்லியும் உட்காரவில்லை, இடைநீக்கம் செய்தார்கள். அந்த வாக்கெடுப்பின் நடுவில் இன்னொரு உறுப்பினர் சபையின் அதிகாரச் சின்னமான செங்கோலையே தூக்கிக்கொண்டு நடந்துவிட்டார். (அந்த மனிதர், ஜான் பெக்கெட், பிற்காலத்தில் பாசிஸ்டுகளோடு போய்ச் சேர்ந்தார். அது வேறு கதை.) காவலர் மாறும் சடங்கைவிட இது பிள்ளைகளுக்குச் சுவாரசியமாக இருக்கும் என்பதற்கு என் வகுப்பே சாட்சி.

ஆனால் நான் எழுதியது முக்கியமாகப் போருக்குப் பிந்தியதை. 1950 முதல் 1964 வரை அவர் ஈட்டன்-ஸ்லவ் தொகுதியின் தொழிற்கட்சி உறுப்பினர். பணக்காரப் பிள்ளைகள் படிக்கும் ஈட்டன் பள்ளியும் தொழிற்சாலைகள் நிறைந்த ஸ்லவ்வும் ஒரே தொகுதிக்குள். அந்தப் பதினான்கு ஆண்டும் அவர் பின்வரிசையில்தான், அதாவது அமைச்சுப் பதவி இல்லாத சாதாரண உறுப்பினராகத்தான் இருந்தார். பின்வரிசை உறுப்பினர் கையில் இருப்பது அதிகம் இல்லை. அமைச்சரிடம் கேள்வி கேட்கலாம். நாளின் கடைசியில் வரும் ஒத்திவைப்பு விவாதத்தில் அரைமணி நேரம் ஒரு விஷயத்தை எழுப்பலாம். சபை காலியாகக் கிடந்தாலும் ஓர் அமைச்சர் இருந்து பதில் சொல்லியாக வேண்டும். தனிநபர் சட்டமூலம் கொண்டுவரலாம், அதற்கு யாருக்கு நேரம் என்று குலுக்கல், விவாதம் வெள்ளிக்கிழமையில் மட்டும் என்று ஆயிரம் தடை. இவற்றை வைத்துத்தான் கென்யா, பெச்சுவானாலாந்து (இன்றைய பொட்ஸ்வானா) என்று குடியேற்ற நாடுகளின் குறைகளை அவர் கிளறிக்கொண்டே இருந்தார்.

இதில் ஒன்றைச் சொல்ல வேண்டும், உங்கள் மூன்றாவது காரணத்துக்கும் அது பதில். வெள்ளைக்காரப் பெண்ணை மணந்தார் என்பதற்காக செரெட்சே காமா என்ற இளம் தலைவரை 1950இல் பிரித்தானிய அரசு அவருடைய மண்ணிலிருந்து வெளியேற்றி வைத்தது. அப்போது ஆட்சியில் இருந்தது தொழிற்கட்சி, புரொக்வேயின் சொந்தக் கட்சி. அதை எதிர்த்து முன்னணியில் நின்றவர்களில் அவரும் ஒருவர். காமா பிறகு பொட்ஸ்வானாவின் முதல் குடியரசுத் தலைவரானார். கட்சிக்காரர் என்று நீங்கள் ஒதுக்கிய மனிதர் கட்சிக்குத் தலையாட்டியவர் இல்லை.

இனி அந்தத் தோற்றுப்போன சட்டமூலம். 1943இல் கிரிக்கெட் வீரர் லியரி கொன்ஸ்டன்டைனை லண்டன் ரசல் சதுக்கத்திலிருந்த ஒரு பெரிய ஹோட்டல், அவர் கறுப்பர் என்பதற்காகத் தங்க விடவில்லை. அவர் வழக்குப் போட்டு 1944இல் வென்றார். ஆனால் நிறவேறுபாடு குற்றம் என்று எந்தச் சட்டமும் சொன்னதால் அந்த வெற்றி வரவில்லை. சத்திரக்காரர் வழிப்போக்கருக்கு இடம் மறுக்கக்கூடாது என்ற பழைய பொதுச்சட்ட விதியைப் பிடித்துத்தான் வென்றார். நஷ்டஈடு ஐந்து கினி, ஐந்து பவுணுக்குச் சற்று மேல். கொன்ஸ்டன்டைனுக்கே அந்தக் கதி என்றால் அறை தேடி அலைந்த மற்றவர்களுக்கு என்ன இருந்தது?

அந்த ஓட்டையை அடைக்கத்தான் புரொக்வே 1956இல் தன் சட்டமூலத்தைக் கொண்டுவந்தார். நிறம், இனம், மதம் காரணமாக ஒருவருக்குக் கேடு விளையும்படி வேறுபாடு காட்டுவது சட்டவிரோதம் ஆகவேண்டும் என்பது அதன் சாரம். பத்து நிமிட விதி என்று ஒன்று உண்டு. சாதாரண உறுப்பினர் எழுந்து பத்து நிமிடம் பேசி, சட்டமூலத்தை முன்வைக்க சபையின் அனுமதி கேட்கலாம். எதிர்ப்பவர் ஒருவருக்கும் பத்து நிமிடம். அனுமதி கிடைத்தாலும் அப்புறம் நேரம் கிடைக்காது. வெள்ளிக்கிழமைப் பட்டியலின் கடைசியில் கிடந்து, விவாத நேரம் முடிந்தபின் யாரோ ஒருவர் 'எதிர்க்கிறேன்' என்று குரல் கொடுத்தால் போதும், அன்றைக்கு அது அவ்வளவுதான். அரசின் பதில் அந்நாளில் பெரும்பாலும் ஒன்றே: இதெல்லாம் சட்டத்தால் தீர்கிற விஷயம் இல்லை, மக்களின் மனம் மாறவேண்டும், கல்வியால் ஆகவேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கும். வாடகை அறைக்கு வெளியே பெட்டியோடு நிற்பவன் ஊர் மனம் மாறும்வரை எங்கே படுப்பான்?

1956க்கும் 1964க்கும் இடையில் அதே கோரிக்கையை ஒன்பது முறை கொண்டுவந்தார். ஒன்பது முறையும் சட்டமாகவில்லை. இந்தக் காலத்துக்குள்தான் 1958இல் நொட்டிங்ஹாமிலும் லண்டன் நொட்டிங்ஹில்லிலும் கலவரம் வந்தது. 1962இல் கொமன்வெல்த் குடியேறிகள் சட்டம் வந்து வாசலை ஒடுக்கியது, அதையும் எதிர்த்தார். 1963இல் பிரிஸ்டலில் கறுப்பரையும் ஆசியரையும் பஸ் ஊழியராகச் சேர்க்க மறுத்த நிறுவனத்துக்கு எதிராகப் பகிஷ்கரிப்பு நடந்து வெற்றி பெற்றது. அன்று அந்த நிறுவனம் செய்தது சட்டப்படி குற்றமே இல்லை என்பதை என் வகுப்புப் பிள்ளைகள் நம்ப மறுத்தார்கள். இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

1964 தேர்தல் அறிக்கையில் தொழிற்கட்சி, பொது இடங்களில் இனவேறுபாட்டுக்கு எதிராகச் சட்டம் கொண்டுவருவதாக வாக்களித்தது. ஒன்பது முறை தட்டிய கதவு அங்கேதான் திறந்தது. அந்தத் தேர்தலில் தொழிற்கட்சி ஆட்சிக்கு வந்தது. புரொக்வே தன் தொகுதியில் தோற்றார், பதினொரு வாக்கில். குடியேற்றத்தை வைத்துக் கிளப்பிய வெறுப்பு நாட்டின் சில தொகுதிகளில் வெளிப்படையாக வேலை செய்த தேர்தல் அது. ஸ்மெத்விக்கில் வெளியுறவு அமைச்சராக வர இருந்த பேட்ரிக் கோர்டன் வாக்கரே அதில் அடிபட்டுப் போனார். புரொக்வேயைப் பிறகு, தேர்தல் இல்லாத மேலவையான பிரபுக்கள் சபைக்கு அனுப்பினார்கள். அந்தச் சபையையே ஒழிக்கவேண்டும் என்று நினைத்த மனிதர். போனார், தொண்ணூறு வயது தாண்டியும் அங்கே எழுந்து பேசிக்கொண்டிருந்தார்.

அடுத்த ஆண்டு உள்துறை அமைச்சர் ஃபிராங்க் சொஸ்கிஸ் கொண்டுவந்த இன உறவுகள் சட்டத்துக்கு 1965 நவம்பர் 8ஆம் தேதி அரச ஒப்புதல் கிடைத்தது. பாடநூலில் யார் பெயர் வரும்? சொஸ்கிஸ் பெயர் வரலாம், அமைச்சர் அல்லவா.

அந்தச் சட்டம் பலவீனமானது என்பதை என் பாடத்தில் மறைக்கவில்லை. ஹோட்டல், உணவகம், மதுக்கடை, திரையரங்கு, பஸ் போன்ற பொது இடங்களைத்தான் அது தொட்டது. வேலையையும் வீட்டையும் பெரும்பாலும் விட்டுவிட்டது. புரொக்வே கேட்ட மதம் அதில் இல்லை. குற்றவியல் தண்டனை என்று தொடங்கிய பிரிவு, சபையில் போகப்போகச் சமரசப் பேச்சு என்று மெலிந்தது. வேலையும் வீடும் 1968 சட்டத்தில் வந்தன. எல்லோருக்கும் ஒரே விதி போலத் தெரிந்தாலும் ஓர் இனத்தாரை மட்டும் பாதிக்கும் மறைமுகமான வேறுபாடு 1976இல். வேலையிடத்தில் மதத்துக்கான பாதுகாப்பு 2003வரை காத்திருந்தது. எல்லாம் சேர்ந்து இன்று 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்துக்குள் இருக்கின்றன. என் தொழிற்சாலைக் கையேடு இந்த வரிசையில் நடுவில் எங்கோ நிற்கிறது.

அதே 1965 நவம்பர் 8ஆம் தேதி இன்னொரு சட்டமும் ஒப்புதல் பெற்றது: கொலைக்கான மரணதண்டனையை நிறுத்திய சட்டம். அதைக் கொண்டுவந்த சிட்னி சில்வர்மன், 1935 முதல் இறக்கும்வரை நெல்சன்-கோல்ன் தொகுதி உறுப்பினர். அவரும் ஒருநாளும் அமைச்சர் ஆகவில்லை. 1948இலும் 1956இலும் மக்கள் சபை அவர் பக்கம் வாக்களித்தது. இரண்டு முறையும் பிரபுக்கள் சபை தள்ளியது. பின்வரிசையில் கிடந்த இரண்டு பேருடைய நெடுநாள் கோரிக்கைகள் ஒரே நாளில் சட்டமாயின. அமைச்சராக இல்லாதவர்களைப் பாடநூலில் சேர்க்க முடியாது என்ற விதியை வைத்தால் அந்த ஒரு நாளுக்கே உங்கள் நூலில் இடம் இருக்காது.

என் வகுப்பில் இந்தப் பாடத்தை நான் ஏற்கெனவே நடத்திப் பார்த்தேன். மேசைகளை எதிரெதிரே போட்டு, சபாநாயகராக ஒரு சிறுமியை உட்காரவைத்து, பத்து நிமிட விதிக்குப் பதில் இரண்டு நிமிட விதி. தமிழில்தான் பேச வேண்டும். வழக்கமாகத் தமிழில் ஒரு வாக்கியம் முடிக்க ஐந்து நிமிடம் எடுக்கும் பையன் ஒருவன், தன் சட்டமூலத்தை மூன்றாம் முறையும் 'எதிர்க்கிறேன்' என்று தடுத்தபோது எழுந்து பேசினானே பேச்சு, இலக்கணம் எங்கெங்கோ போனது, நான் திருத்தவில்லை. அப்புறம் அந்தச் சபாநாயகச் சிறுமி கேட்டாள்: "இவர் சொன்னது சரி என்றால் ஏன் சேர் சனம் அவரைத் தோற்கடித்தது?" அதற்குப் பத்து நிமிடம் பதில் சொன்னேன். அவளுக்குத் திருப்தி இல்லை, எனக்கும் இல்லை. அரண்மனைக் காவலரின் தொப்பியைப் பற்றிய பாடத்தில் இப்படி ஒரு கேள்வி வருமா?

அறக்கட்டளை விதி பற்றி. அறக்கட்டளை கட்சிக்குப் பிரசாரம் செய்யக்கூடாது என்பது சரி, அது தேவையான விதி. ஆனால் அறுபது ஆண்டுக்கு முந்திய பாராளுமன்ற விவாதத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது பிரசாரம் இல்லை. சமநிலை வேண்டும் என்றால் பழமைவாதக் கட்சிப் பின்வரிசையிலிருந்தும் ஒரு பேச்சைத் தருகிறேன். 1959இல் கென்யாவின் ஹோலா முகாமில் கைதிகள் பதினொரு பேரை அடித்துக் கொன்றார்கள். அந்த ஜூலையில் சபையில் அதைக் கண்டித்துப் பேசியவர்களில், ஆளுங்கட்சிப் பின்வரிசையில் அப்போது இருந்த இனொக் பவல் ஒருவர். ஆப்பிரிக்கருக்கு ஒரு நீதி, நமக்கு ஒரு நீதி வைக்க முடியாது என்பதுதான் அவர் வாதத்தின் அடிப்படை. அதே பவல் 1968 ஏப்ரலில் பர்மிங்ஹாமில், குடியேறிகளையும் அந்த ஆண்டின் இன உறவுகள் சட்டமூலத்தையும் எதிர்த்துப் பேசிய பேச்சு எங்கள் தலைமுறைக்கு முந்தியவர்களைத் தெருவில் பயந்து நடக்க வைத்தது. இரண்டையும் பதினான்கு வயதுப் பிள்ளைகள் முன்னால் வைக்கலாம். நம் பிள்ளைகள் பள்ளியில் இதைவிடக் கடினமானதைப் படிக்கிறார்கள். அவர்களைவிடப் பயப்படுவது நாம்தான்.

நம் பிள்ளைகளுக்கு நம் கதைகளைச் சொல்லாமல் வெள்ளைக்காரக் கதை எதற்கு என்று உங்களில் ஒருவர் தொலைபேசியில் கேட்டார். வந்தியத்தேவனும் சங்கிலியனும் நூலில் இருக்கிறார்கள், இருக்கட்டும். இதுவும் நம் கதைதான் என்று நான் வாதாடப் போவதில்லை. இந்த நூலின் தலைப்பே பிள்ளைகள் வாழும் நாட்டைப் பற்றியது. அந்த நாட்டில் நாளைக்கு அவர்களில் ஒருத்திக்கு நேர்காணலில் பெயரைக் கேட்டதும் முகம் மாறினால், எந்தக் கதவைத் தட்டுவது, அந்தக் கதவு எப்படி வந்தது என்று தெரிந்திருக்க வேண்டாமா?

எனவே நான் கேட்பது இவை.

நூல் அச்சுக்குப் போகுமுன் புரொக்வே பாடத்தைத் திரும்பச் சேருங்கள். பக்கம் போதாது என்றால் அரண்மனைக் காவலரை ஒரு பக்கத்துக்குள் அடக்குங்கள், அவர்கள் அசையாமல் நிற்கப் பழகியவர்கள். என் எழுத்து பிடிக்கவில்லை என்றால் வேறொருவரை எழுதச் சொல்லுங்கள், என் பெயரையும் எடுத்துவிடுங்கள், ஒன்பது சட்டமூலமும் 1964 தோல்வியும் மட்டும் விடுபடக்கூடாது. பாராளுமன்றம் பற்றிய உங்கள் அத்தியாயத்தில் பிரதமரும் அமைச்சரவையும் மட்டுமே இருக்கிறார்கள். சாதாரண உறுப்பினர் கேள்வி கேட்பது, ஒத்திவைப்பு விவாதம், தனிநபர் சட்டமூலம் ஆகிய மூன்றையும் விளக்கி ஒரு பக்கம் அங்கே வேண்டும். பாராளுமன்றப் பேச்சுகளின் பதிவான ஹான்சார்ட், இருநூறு ஆண்டுக்கும் மேற்பட்ட காலத்துக்கு, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் ஒரு விவாதத்தைப் பிள்ளைகள் தேடி எடுத்து, தமிழில் சுருக்கி எழுதும் பயிற்சி ஒன்றைப் பாடத்தின் முடிவில் வையுங்கள். லண்டன் பள்ளிகள் விரும்பினால் ரெட் லயன் சதுக்கத்திலிருக்கும் அவருடைய சிலைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகலாம் என்று ஒரு குறிப்பும் சேருங்கள். 1985இல் அவர் உயிரோடு இருக்கும்போதே வைத்த சிலை, ஹோல்போர்ன் நிலையத்திலிருந்து நடக்கிற தூரம்.

கடைசியாக, ஒரு பாடத்தை எடுப்பதானால் அதைக் கற்பிக்கும் ஆசிரியர்களிடம் முதலில் கேளுங்கள். இந்த முறை கேட்கவில்லை. அடுத்த குழுக் கூட்டத்தில் இந்த மடலை நிகழ்ச்சி நிரலில் சேர்த்து, எல்லாப் பள்ளிகளின் மேல்வகுப்பு ஆசிரியர்களையும் அழைத்து, முடிவையும் காரணத்தையும் எழுத்தில் தாருங்கள். ஒரு வரியில் வேண்டாம்.

இப்படிக்கு,
மேல்வகுப்புத் தமிழாசிரியர் ஒருவர்